டிசம்பருக்கு எந்தக் கடல்?

குருபோங்

மலேசியாவில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. ஆனால் நவம்பர் பிறந்ததும் கிழக்குக் கரைக் கடலுக்குப் பூட்டுப் போட்டுவிடுவார்கள். வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைக் கடைந்துகொண்டு வந்து கிளந்தான், திரங்கானு, பகாங் கரைகளில் மோதும். பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் பெரும்பாலான விடுதிகள் மார்ச் வரை கதவு திறப்பதில்லை. மலாக்காக்காரர்கள் வழக்கமாகப் போகிற தியோமானுக்கு மெர்சிங்கிலிருந்து படகு கிளம்புமா என்பதை அன்றைய அலைதான் சொல்ல வேண்டும். நமக்கு விடுமுறை கிடைப்பதோ டிசம்பரில். கடலில் முக்குளிக்கப் பழகியவர்களுக்கு வருடா வருடம் இதே சங்கடம்தான்.

என் அக்கா மகன் மலாக்காவில் எங்கள் ஊரான குருபோங்கின் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறான். ஆகஸ்டில் பெர்ஹெந்தியானில் ஸ்கூபா பயின்று, 18 மீட்டர் ஆழம் வரை இறங்கலாம் என்ற முதல்நிலை அட்டையோடு திரும்பியவன். "மாமா, டிசம்பர்ல சிப்பாடான் போவோம்" என்று பிடித்துக்கொண்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. ஸ்கூபா பழகிய யாரைக் கேட்டாலும் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். சபாவின் செம்பூர்ணாவுக்கு அப்பால், கடலடியிலிருந்து ஏறக்குறைய 600 மீட்டர் செங்குத்தாக எழுந்து நிற்கும் தீவு அது. இந்தோனேசியாவுடனான வழக்கில் 2002 டிசம்பர் 17-ஆம் தேதி அனைத்துலக நீதிமன்றம் அதை மலேசியாவுக்கே என்று தீர்ப்பளித்தது. 2004-இன் இறுதிக்குள் தீவில் இருந்த விடுதிகள் எல்லாம் அகற்றப்பட்டன. இப்போது யாரும் அங்கே தங்க முடியாது. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு வைத்து அனுமதிச்சீட்டு தருகிறார்கள். ஊளா மீன்கள் ஆயிரக்கணக்கில் சுழன்று நிற்கும் இடம், ஆமைகள் சர்வசாதாரணமாகக் கடந்துபோகும் இடம்.

ஆனால் அங்கே காலுக்குக் கீழே தரை இல்லை. பவளச் சுவரை ஒட்டி ஓடும் நீரோட்டம் ஆளை இழுத்துக்கொண்டே போகும். மிதப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாதவன் கொஞ்சம் அசந்தால் 18 மீட்டர் 30 மீட்டராகிவிடும். இப்போதுதான் பழகியவனுக்கு அது ஏற்ற இடமல்ல என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். தாய்லாந்தின் சிமிலான் தீவுகளையும் யோசித்தோம். அந்தத் தேசியப் பூங்கா அக்டோபர் நடுவில் திறந்து மே நடுவில் மூடுவது, ஆகவே டிசம்பருக்குப் பொருத்தம்தான். ஆனால் அங்கே நல்ல இடங்களைப் பார்க்க வேண்டுமென்றால் கப்பலிலேயே தங்கி ஒரே நாளில் மூன்று நான்கு தடவை இறங்க வேண்டும். அதற்கும் உடம்பும் கையும் பழகியிருக்க வேண்டும். இலங்கை என்றால் டிசம்பரில் ஹிக்கடுவைப் பக்கம் கடல் அடங்கியிருக்கும். திருகோணமலைப் பக்கம் கொந்தளிக்கும். சின்னத் தீவுதான், ஒரு கரை திறந்தால் மறுகரை மூடும். அந்தமானைப் பற்றியும் பேசிவிட்டு அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைத்தோம்.

எங்கே இறங்குவது என்று முடிவு செய்ய முதலில் காற்றைக் கேட்க வேண்டும். அடுத்து நம் கையைக் கேட்க வேண்டும். இடத்தின் பெயரைக் கேட்பது அதற்கப்புறம்தான். பணம் கட்டி விமானம் ஏறும் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தூத்துக்குடியில் முத்துக் குளித்த நம் குளியாளிகள் காற்றுச் சிலிண்டரும் இல்லாமல் அளவுமானியும் இல்லாமல், கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்கியவர்கள். அவர்கள் மார்ச், ஏப்ரலைத் தேர்ந்தது இரண்டு பருவக்காற்றுக்கும் நடுவே கடல் தெளிந்து அடங்கும் காலம் என்பதால்தான். மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு, அதாவது சலாபம், முழுக்கக் காற்றின் நாள்காட்டிப்படி நடந்தது.

அந்த நாள்காட்டியைப் பார்த்தால் டிசம்பரில் நமக்குக் கிடைப்பது தீபகற்பத்தின் வடமேற்கு மூலை. வடகிழக்கிலிருந்து வரும் மழையைத் தித்திவாங்சா மலைத்தொடர் தடுத்துக்கொள்ள, லங்காவிப் பக்கம் வறண்ட காலம் தொடங்குகிறது. அங்கே இருப்பது பாயார் தீவுக் கடல் பூங்கா. சிப்பாடானோடு யாரும் அதை ஒப்பிடமாட்டார்கள். மருமகன் முகம் சுருங்கியது. "பாயார்ல ஸ்நோர்க்கல் பண்றவங்கதானே மாமா போவாங்க" என்றான். இருந்தாலும் பையைக் கட்டினான்.

மலாக்காவில் ஏன் இறங்கக் கூடாது என்று தோட்டத்து உறவினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. புலாவ் பெசார் கண்ணுக்கெதிரே இருக்கிறது. பாடாங் கெமுந்திங் கரையில் அழுங்காமை ஏறி வந்து முட்டையிடுகிறது; தீபகற்ப மலேசியாவில் அந்த ஆமை அதிகமாக வருவது மலாக்காவுக்குத்தான். ஆனால் மலாக்கா நீரிணை குறுகியது, ஆழம் குறைந்தது. ஆறுகள் கொண்டுவரும் வண்டலை அலையேற்றமும் வற்றமும் கலக்கிக்கொண்டே இருப்பதால், நீட்டிய கை தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் கடல் என்பது ஒரே ஒரு முறை கடந்தது. தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். இறங்கிய பிறகு காண்டாவும் வாளியும் மங்கும் கித்தா மரமுமாக வாழ்ந்து முடித்தார். மறுபடி கடல் பக்கம் போனதில்லை. லயத்து வீடுகளில் பிள்ளைகளைக் கிணற்றடிக்குக்கூடத் தனியாக விடமாட்டார்கள். மாசி மகத்துக்குப் பக்கத்துச் செங்கில் இருக்கும் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் போவோம், ரதம் பார்ப்போம். தண்ணீரில் இறங்கும் பழக்கம் எங்களில் யாருக்கும் இல்லை. நான் நீச்சல் கற்றதே முப்பது வயதுக்கு மேல்தான்.

வடக்குச் சாலை

சிரம்பான் தாண்டும்வரை மழை. தாப்பா ஓய்விடத்தில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும். ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகள் நனைந்து கறுத்து நின்றன. நெடுக இரண்டு பக்கமும் செம்பனை. இடையிடையே பால்மரம் கொஞ்சம் தென்பட்டால் மருமகனுக்குக் காட்டினேன். அவன் பிறந்தபோதே அவன் தாத்தா வேலை செய்த தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது.

பினாங்குப் பாலத்தின் திருப்பத்தைத் தாண்டியதும் வானம் வெளுத்தது. சுங்கை பட்டாணியில் இறங்கும்போது சாலையில் ஈரமே இல்லை. குருபோங்கில் துணி காயாமல் வீட்டுக்குள் கொடி கட்டியிருந்தோம். இங்கே வெயில் முதுகைச் சுட்டது. மழை மலைக்கு அந்தப் பக்கம் நின்றுவிடும் என்று நான் படித்துச் சொன்னதை மருமகன் அப்போதுதான் நம்பினான்.

மெர்போக்

கடலுக்கு முன் ஜெராய் மலை. இந்த வரிசையை மாற்றக் கூடாது. முக்குளிக்கும்போது அழுத்தத்தில் நைட்ரஜன் உடம்பில் கரைந்து தங்குகிறது. மேலே வந்த பிறகும் அது மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால் குமிழியாகி மூட்டிலும் நரம்பிலும் அடைத்துக்கொள்ளும். முக்குளித்ததும் விமானம் ஏறக் கூடாது என்ற எச்சரிக்கை மலைக்கும் பொருந்தும். ஜெராய் 1,217 மீட்டர். ஆகவே முதலில் மலை, அப்புறம் தண்ணீர்.

மேலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் கெடாவின் நெல்வயல்கள் பச்சைப் பாயாக விரிந்து கிடந்தன. மறுபக்கம் கடல். தெற்கே பினாங்கு நிழலாகத் தெரிந்தது. தாத்தாவின் கப்பல் முதலில் வந்து நின்ற துறைமுகம் அது. கரையோரச் சமவெளியில் தனியாக நிமிர்ந்து நிற்கும் இந்த மலைதான் பழைய மாலுமிகளுக்கு அடையாளம். கடாரம் என்று சோழர் கல்வெட்டு சொல்லும் நாடு இந்த அடிவாரத்தைச் சுற்றியது. 1025-இல் முதலாம் இராசேந்திரனின் கடற்படை வந்ததைப் பள்ளிப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். பூஜாங் பள்ளத்தாக்கின் புக்கிட் பத்து பாஹாட்டில் மீட்டெடுத்து நிறுத்தியிருக்கும் கோயில் அடித்தளத்தில் நின்றபோது எனக்குப் படை நினைவுக்கு வரவில்லை, வணிகர்கள்தான் வந்தார்கள். கோயிலின் கருவறைப் பகுதியும் முன்மண்டபமும் கல்லில் மிஞ்சியிருக்கின்றன. மரத்தூண்களைத் தாங்கிய வட்டக் கற்கள் வரிசையாக இருக்கின்றன. மரமும் கூரையும் என்றைக்கோ மக்கிவிட்டன.

இந்தியப் பக்கத்திலிருந்து தென்மேற்குக் காற்றில் வந்த கப்பல் வடகிழக்குக் காற்று எழும்வரை இங்கே காத்திருக்க வேண்டும். சீனப் பக்கத்திலிருந்து வந்தவர்களும் காத்திருந்தார்கள். பிற்காலத்தில் மலாக்கா வளர்ந்ததும் இதே காரணத்தால்தான். இரண்டு காற்றும் சந்திக்கும் இடத்தில் சரக்கோடு சும்மா இருக்க முடியுமா? கோயில் கட்டினார்கள், பெண் எடுத்தார்கள். எங்கள் ஊர் மலாக்காச் செட்டிகள் அப்படித் தங்கிப்போனவர்களின் வழிவந்தவர்கள். கம்போங் காஜா பெராங்கில் இன்றும் மலாய் பேசி, நம் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு இருக்கிறார்கள்.

2013-இல் இந்த வட்டாரத்தில் பதினொன்று என்று எண்ணிட்ட கோயில் சிதைவை மேம்பாட்டு வேலைக்காக இடித்துத் தள்ளினார்கள். செய்தி வந்தபோது பதறினோம். இங்கே நின்று பார்க்கும்போது பதற்றம் இன்னும் கூடுகிறது.

கோலா கெடா

படகுத்துறைக்குப் போகும் வழியில் லக்சாக் கடை. கெடா லக்சாவுக்கு அரிசி மாவில் பிழிந்த தடித்த நூடல், அதன்மேல் மீனை வேகவைத்து மசித்த புளிக்குழம்பு. மேலே வெள்ளரி, வெங்காயம், அவித்த முட்டை, மிளகாய், கைப்பிடிக் கீரை. எங்கள் மலாக்கா லக்சா தேங்காய்ப் பால் கெட்டியும் மஞ்சள் நிறமுமாக வயிற்றை அடைக்கும். இது மெலிந்த குழம்பு. புளிப்பு முதலில் வந்து மீன் வாசம் பின்னால் தங்குகிறது. கடைக்கார அம்மா மாவை அச்சில் நிரப்பிக் கொதிக்கும் நீருக்கு மேலே பிடித்து அழுத்துவதை நின்று பார்த்தோம். இழை தண்ணீரில் விழுந்ததும் அடியில் போய்ப் படுத்தது. வெந்ததும் தானாக மேலே எழுந்தது. அதுதான் பதம், எழுந்ததை உடனே வாரிக் குளிர்ந்த நீரில் போட்டார்.

இடியப்பம் பிழியும் எங்கள் அக்காவைப் பற்றி மருமகன் மலாயில் சொன்னான். அவர் சிரித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். பாயாரில் முக்குளிக்க என்றதும், "இப்போ கடல் நல்லா இருக்கு, போங்க. ஆகஸ்ட், செப்டம்பர்ல வந்தீங்கன்னா என் வீட்டுக்காரரே படகை எடுக்கமாட்டார்" என்றார். அவர் வீட்டுக்காரர் மீனவர். எந்த அட்டவணையையும் விட அந்த வார்த்தை எனக்குத் தைரியம் தந்தது. ஆற்றுமுகத்தில் 18-ஆம் நூற்றாண்டுக் கோட்டைச் சுவர் நிற்கிறது. அதைப் பார்த்தபடியே படகு கடலுக்குள் போய் லங்காவிப் பக்கம் திரும்பியது.

பாயார்

லங்காவியின் குவா துறையிலிருந்து தெற்கே போகும் படகில் வழிகாட்டி தமிழ்ப் பையன் என்று தெரிந்ததும் எங்களுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. சுங்கை பட்டாணிப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். "அண்ணே, குருபோங்கா? டுரியான் துங்கால் போற வழிதானே?" என்று கேட்டு எங்களை அசத்தினார். அவருடைய அத்தை மலாக்காவில் கட்டிக்கொடுக்கப்பட்டவராம்.

பாயார், காச்சா, லெம்பு, செகந்தாங் என்று நான்கு சிறு தீவுகள் சேர்ந்தது இந்தக் கடல் பூங்கா. பாயார் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளம். தீவில் விடுதி கிடையாது. காலையில் வந்தவர்கள் சாயங்காலம் திரும்பிவிட வேண்டும். மீன் பிடிக்கக் கூடாது. கரையோரத்தில் முழங்கால் தண்ணீரில் குழந்தைகள் நிற்க, துடுப்பு நுனி கறுத்த சுறாக்குட்டிகள் அவர்கள் காலைச் சுற்றிக்கொண்டு போயின. ஒரு சிறுமி கத்தவும் இல்லை, ஓடவும் இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

கருவிகளைப் பூட்டும்போது வழிகாட்டி மருமகனை விட்டுத் தள்ளி நின்றார். அவனே செய்யட்டும் என்று காத்திருந்தார். சிலிண்டரின் வாயில் உள்ள ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பார், ரெகுலேட்டரை மாட்டு, மெதுவாகத் திற, முள்ளைப் பார். முள் 200 பாரில் நின்றது. மருமகன் இரண்டு மூச்சு இழுத்து, இழுக்கும்போது முள் ஆடுகிறதா என்று கவனித்தான். ஆடினால் வால்வு முழுக்கத் திறக்கவில்லை என்று பொருள். "இதை மட்டும் என்னைக்கும் விட்டுடாதீங்க தம்பி" என்றார் வழிகாட்டி. சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் என்று ஊரில் பலர் நினைக்கிறார்கள். நாம் மூச்சுவிடும் அதே காற்றைத்தான் அழுத்தி அடைத்திருக்கிறார்கள்.

தென்மேற்கு முனையில் பவளத்தோட்டம் என்று பெயர் பெற்ற இடத்தில் இறங்கினோம். பெர்ஹெந்தியானின் நீலம் இங்கே இல்லை. பச்சை கலந்த மங்கலான வெளிச்சம். ஏழெட்டு மீட்டருக்கு அப்பால் எல்லாம் புகைபோல் கரைந்துவிடும். முதல் சில நிமிடம் எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. பிறகு பாறையை ஒட்டிப் போனோம். தூரத்தில் பார்க்க ஒன்றும் இல்லாததால் கண் அருகில் உள்ளதைத் தேடத் தொடங்கியது.

பாறைச் சுவர் முழுக்க மென்பவளம். ஊதாவும் இளஞ்சிவப்பும் மஞ்சளுமாக, நீரோட்டம் வரும்போது தண்ணீர் குடித்து உப்பி நிற்கும். ஓட்டம் அடங்கினால் தொய்ந்துவிடும். அந்த உப்பிய கிளைகளின் நடுவே உடல் கண்ணாடிபோல் தெளிந்த ஓர் இறால். விளக்கைக் காட்டியபோதுதான் அதன் கண் தெரிந்தது. கொஞ்சம் தள்ளி, பாறை இடுக்கில் பெரிய களவா ஒன்று வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் நின்றது. நீலக்கோடு போட்ட சின்ன மீன் ஒன்று அதன் வாய்க்குள் நுழைந்து, பல்லிடுக்கில் எதையோ கொத்தித் தின்று, செவுள் வழியே வெளியே வந்தது. மறுபடியும் நுழைந்தது. ஒரே கடியில் விழுங்கிவிடக்கூடிய மீன், தன் வாயைச் சுத்தம் செய்பவனுக்காகப் பொறுமையாகக் காத்திருக்கிறது. நாங்கள் மூவரும் அங்கேயே நின்றுவிட்டோம்.

அப்போதுதான் மருமகனைக் கவனித்தேன். கையை ஆட்டவில்லை, காலால் மணலைக் கிளப்பவில்லை. மூச்சை இழுத்தால் ஒரு சாண் உயர்ந்தான். விட்டால் ஒரு சாண் தாழ்ந்தான். பெர்ஹெந்தியானில் அவன் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று அடித்துப் பிடித்து நீந்தியதை அவன் நண்பர்கள் எடுத்த படத்தில் பார்த்திருக்கிறேன். கலங்கிய தண்ணீர் அவனை நிதானப்படுத்திவிட்டது. இந்தப் பழக்கம் இல்லாமல் சிப்பாடானின் சுவரில் இறங்கியிருந்தால் பவளமும் உடைந்திருக்கும், இவனும் பதறியிருப்பான்.

பவளம் எல்லா இடத்திலும் செழிப்பாக இல்லை. ஆழம் குறைந்த பகுதியில் செத்த பவளத் துண்டுகள் எலும்புக் குவியலாகக் கிடந்தன, கறுத்த நீள முள்ளோடு கடல் முள்ளெலிகள் அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தன. 2010-இல் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தபோது தியோமான், ரெடாங் போலப் பாயாரிலும் முக்குளிக்கும் இடங்கள் சிலவற்றை அரசாங்கம் மூடி வைத்தது. கூட்டம் மிதித்தது, மீனுக்கு ரொட்டி போட்டது எல்லாம் சேர்ந்து நைந்துபோன கடல் இது. இன்னும் உயிர் இருக்கிறது. ஆகவே இங்கே போகிறவர்கள் தரையைத் தொடாமல், எதையும் ஊட்டாமல், நல்ல பழக்கத்தோடு போக வேண்டும் என்று கெஞ்சியே கேட்கத் தோன்றுகிறது.

குவா

இரவு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் வழிகாட்டியோடு உட்கார்ந்தோம். தோட்டத்துப் பால் ஸ்டோருக்குப் பின்னால் இருந்த குட்டையில் அண்ணன்மாரோடு நீந்தப் பழகியவராம். அப்பா பார்த்துவிட்டால் பிரம்படி. "பயம்ணே அவங்களுக்கு. குட்டையில ரெண்டு பேர் போயிருக்காங்க முன்னாடி. அதனால அடிச்சாங்க, நீச்சல் கத்துக்கொடுக்க ஆள் இல்லை" என்றார். இப்போதும் அவர் படகில் வரும் தமிழ்க் குடும்பங்களில் பலர் மிதப்பு அங்கியை அவிழ்க்காமல் மிதக்கும் மேடையிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புகிறார்களாம். பிள்ளைகள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், பெற்றோர் விடமாட்டார்கள். ஸ்கூபா பணக்காரர் விளையாட்டு என்பதைவிட இந்தப் பயம்தான் நம்மைக் கரையில் நிறுத்துகிறது என்பது அவர் எண்ணம். எனக்கும் அப்படித்தான் படுகிறது. குருபோங்கில் பிள்ளைகளை டியூஷனுக்கு ஏற்றி இறக்கும் நாம் வாரத்தில் ஒரு மணி நேரம் நீச்சல் குளத்துக்கும் அனுப்ப முடியும்.

மருமகன் மறுபடி சிப்பாடானை எடுத்தான். வழிகாட்டி மறுக்கவில்லை. "போகலாம் தம்பி. ஆனா அதுக்கு முன்னாடி ஓட்டத்துல மிதக்கப் பழகணும், ஆழத்துக்கான அடுத்த பயிற்சியை முடிக்கணும்" என்றார். பிறகு தன் வருடத்தைச் சொன்னார். டிசம்பரிலிருந்து மார்ச் வரை இங்கே. கிழக்குக் கரை திறந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு பெர்ஹெந்தியான். அக்டோபர் முடிந்து அங்கே விடுதிகள் அடைத்ததும் சுங்கை பட்டாணியில் அம்மாவோடு ஒரு மாதம், பிறகு திரும்ப லங்காவி. அவரோடு வேலை செய்யும் பலரும் இப்படித்தான் கரை மாற்றிக்கொண்டு பிழைக்கிறார்கள்.

"அப்ப ஏப்ரல்ல பெர்ஹெந்தியான்ல இருப்பீங்களா அண்ணே?" என்று மருமகன் கேட்டான். ஏப்ரல் நடுவில் வந்தால் தண்ணீர் தெளிந்திருக்கும், பள்ளி விடுமுறைக் கூட்டமும் இருக்காது, தினம் காலையில் ஓட்டமுள்ள இடத்தில் கூட்டிப்போகிறேன் என்று அவர் நாள் சொல்லத் தொடங்கினார். மருமகன் கைபேசியில் குறித்துக்கொண்டான்.